அத்தான் கேட்ட கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குட்டிக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அத்தான் சரியாகச் சாப்பிடுவதே இல்லை, அவரை என்னடி சொன்னாய் என்று கேட்டிருந்தாய். அவர் சொல்லாவிட்டால் நான்தானே சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சிக்கூடங்கள் கேட்கிற மரபணுத் துண்டுகளை எங்கள் கம்பெனி செய்து அனுப்புகிறது. அது ஆளைக் கொல்லும் கிருமியின் துண்டா என்று முதலில் பார்ப்பவள் நான். என் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. போன வாரம் அத்தானின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டர் சிவப்பு காட்டியது. உலகமே பாடுபட்டு ஒழித்த ஒரு கொள்ளை நோய்க் கிருமியின் துண்டு அது.

எதற்கு, யாருக்கு என்று எழுதிக் கேட்டேன். அத்தானே போன் செய்தார். தடுப்பூசி ஆராய்ச்சிக்குத்தான், அதற்குப் பணம் கொடுக்கிறவர் பெயரை மட்டும் கேட்காதே என்றார். பெயர் இல்லாமல் முடியாது என்றேன். "வீட்டு ஆளையே சந்தேகப்படுறீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பாலைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பேன் என்று எனக்குப் 'போலீஸ்காரி' என்று பேர் வைத்தவர் அவர். மேடம் என்றது அன்றுதான்.

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. ஆனால் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். இனிக்கப் பேசும் எவனிடமோ ஏமாந்திருக்கிறார் என்று பயப்படுகிறேன். அந்தத் துண்டு தப்பான கைக்குப் போனால் யார் வீடு என்று பார்க்காது. குட்டி இருக்கிற வீடு என்றும் பார்க்காது.

கையெழுத்துப் போடவில்லை. மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டேன். திங்கட்கிழமை அத்தானை விசாரிக்க வருவார்கள். அத்தானின் வேலை போகலாம். உன் அடுப்பில் நானே தண்ணீர் ஊற்றிவிட்டேன். இதை உனக்கு எழுதுவதுகூட என் வேலைக்கு உலை வைக்கும். வைக்கட்டும்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார். அந்தப் பெயரை, அவர்கள் வந்து கேட்பதற்கு முன், அவரே அவர்களிடம் போய்ச் சொல்லட்டும். நீயும் கூடப் போ.

அதற்குப் பிறகு, மனசிருந்தால், எனக்கு ஒரு போன் போடச் சொல். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். போலீஸ்காரி என்று கூப்பிட்டுத் திட்டட்டும்.

உன் வாசலுக்கு வரப் பயந்திருக்கும்
தங்கை