அச்சுக்கல்லுக்கு அடங்காத தேர்

வளம் பொலிக. வேய்க்குன்ற நாட்டின் வெண்குடை வேந்தர் கோநாகவேள் திருமுடி நிலைபெறுக. அவர்தம் மந்திரத் தலைவரும், பன்னிரு கோட்டைகளின் காவலரும், பொற்கச்சை பெற்றவரும், நான்கு வெண்புரவி பூட்டிய தேருக்கு உரியவருமான செருவூருடையார் திருமுன்பு, எழுகரைப் பட்டணத்து ஊர்ச்சபையார் விடுக்கும் ஓலை. தங்கள் மனையும் மக்களும் நலம் பெறுக. தங்கள் குதிரைகளும் நலமே. அவை நேற்று முதல் சபையாரின் காவலில் இருக்கின்றன. அதன் காரணம் இவ்வோலையின் கடைசியில் வரும் ஆதலால், பொறுத்து முழுவதும் வாசித்தருள வேண்டும்.

சென்ற அமாவாசையன்று தங்கள் முத்திரையோடு வந்த ஆணையைச் சபையார் எழுந்து நின்று கேட்டார்கள். அரசவீதியில் ஊர்வண்டிகளால் தேர்கள் தேங்குகின்றன என்றும், உப்பங்காடித் திருப்பத்தில் பெருமக்கள் வெயிலில் காத்துக் கிடக்கிறார்கள் என்றும், ஆகவே வரும் பௌர்ணமி முதல் ஊர்வண்டிகள் அவ்வீதியில் ஓடலாகாது, எளியோர் ஆற்றங்கரைப் பாதையில் நடந்து போவார்களாக என்றும் அதில் கண்டிருந்தது.

ஊர்வண்டி என்பது யாதெனத் தாங்கள் அறிய வாய்ப்பில்லை, ஏறினால்தானே தெரியும். மூங்கில் கூண்டு வேய்ந்து, இரண்டு காளை பூட்டி, கோட்டைக் குன்றின் அடிவாரத்திலிருந்து துறைமுகம் வரை நாள் முழுதும் போய்வரும் வண்டி அது. வழியில் ஏழு மரத்தடிகளில் நிற்கும். கைகாட்டியவர் எவராயினும் ஏறிக்கொள்ளலாம். உப்பளத்தாரும் நெசவாளரும் மீன்கூடைக்காரியும் கோயில் பண்டாரமும் பதினெட்டுப் பேர் நெருக்கியடித்து அமர்ந்து, ஒருவர் மூட்டையை மற்றவர் மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். தேர் ஒன்றில் நான்கு குதிரைகள் இழுக்கப் போகிறவர் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் காற்று மட்டும் அமர்ந்து வருகிறது.

அந்த வண்டியை நம்பி வாழ்கிறவர்களில் ஒருத்தி ஆலங்கோதை என்னும் மருத்துவச்சி. பட்டணத்தின் இரு கோடியிலும் பிரசவம் பார்ப்பவள். அவள் கையில் விழாத தலை இவ்வூரில் குறைவு. இவ்வாண்டு கார்த்திகையில் தங்கள் மருமகனாரின் மணவூர்வலத்துக்காக ஒருநாள் மட்டும் ஊர்வண்டிகள் நிறுத்தப்பட்டன அன்றோ? அன்று குயவர் தெருவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வண்டியில் ஒரு நாழிகையில் சேரும் இடத்துக்கு, ஆற்றங்கரைச் சேற்றில் முழங்கால் புதைய அவள் நான்கு நாழிகை நடந்தாள். தாய் பிழைத்தாள். குழந்தை அழவே இல்லை. ஊர்வலத்து மேளம் அந்த வீட்டுக்குள்ளும் கேட்டது என்று ஆலங்கோதை சபையில் சொன்னாள். ஒருநாள் நிறுத்தியதற்கே இப்படியென்றால், என்றென்றைக்கும் நிறுத்தினால் எத்தனை வீட்டில் அழுகுரல் கேட்காமல் போகும் என்றும் கேட்டாள்.

சபையார் அப்போது என்ன செய்தார்கள் என்பதை மறைக்காமல் எழுதுவதே முறை. தலை குனிந்துகொண்டார்கள். அரச ஆணைக்கு எதிர்ச்சொல் உண்டா என்று முணுமுணுத்தார்கள். இவ்வோலை எழுதுவானாகிய தத்தன் சேந்தனும் எழுத்தாணியைத் தீட்டுவது போல் பாவனை செய்து முகத்தை மறைத்துக்கொண்டவனே. ஆலங்கோதை எழுந்து போனாள். போனவள் உப்பங்காடித் திருப்பத்தில் ஒரு நிழலைப் பிடித்துக்கொண்டு மூன்று பகல் உட்கார்ந்தாள். தேங்குவது எது, தேக்குவது எது என்று கண்ணால் பார்த்துவிடுவது என்ற பிடிவாதம் அவளுக்கு.

எதிரெதிராக வந்த இரண்டு ஊர்வண்டிகள் அத்திருப்பத்தில் உரசாமல் போயின. தேரும் ஊர்வண்டியும் சந்தித்தபோது ஊர்வண்டி சுவரோரம் ஒண்டி வழிவிட்டது. இரண்டு தேர்கள் சந்தித்த போதெல்லாம் அச்சோடு அச்சு மாட்டி, குதிரைகள் முரண்டு பிடித்து, வீதியே அடைபட்டது. பழி மட்டும் பின்னால் நின்ற காளைகள் தலையில் விழுந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தென்வாயிலின் அச்சுக்கல் நினைவுக்கு வந்தது. நம் வேந்தரின் முப்பாட்டனார் நட்ட கல் அது. அதில் வெட்டிய பள்ளத்துக்கு மேல் அச்சு நீண்ட எந்த வண்டியும், யாருடையதாயினும், ஊருக்குள் புகலாகாது என்பது அதன் மேலேயே பொறித்த ஆணை. இன்றும் அறுவடைதோறும் ஒவ்வொரு மாட்டுவண்டியும் அக்கல்லோடு அணைத்து அளக்கப்படுகிறது. தேர்களை அளக்கும் வழக்கம் மட்டும் நின்றுபோயிற்று. பெருமக்கள் அமர்ந்த வாகனத்தில் அளவுகயிறு படுவது மரியாதைக் குறைவு என்று வாயில்காப்போர் தாமாகவே நினைத்து விட்டுவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. ஒருவர் தேருக்கு மேல் ஒரு சாணாவது அகலமாக இருந்தால்தான் மற்றவருக்குத் தூக்கம் வரும் என்றாகி, ஆண்டுக்காண்டு அச்சுகள் நீண்டன. மரியாதை வளர்த்த அகலம் அது.

ஆலங்கோதை கிணற்றுக்கயிறு ஒன்றைக் கல்லின் பள்ளத்தில் வைத்து அளவெடுத்து முடிச்சிட்டாள். பட்டப்பகலில், பெருமக்கள் கோயிலுக்குள் இருந்த வேளையில், வாசலில் நின்ற முப்பத்தொரு தேர்களையும் அளந்தாள். இருபத்தாறு தேர்கள் முடிச்சைத் தாண்டின. தேரோட்டி ஒருவன் வழியை அடைக்கிறாய் என்று அவளை ஏசிவிட்டு, மிரண்ட குதிரையைச் சவுக்கால் அடித்தானாம். அதற்கு அவள் சொன்னதை ஓலை மொழியில் திருத்தினால் சாரம் போய்விடும் என்பதால், சொன்னபடியே எழுதுகிறான் சேந்தன்: “குதிரைய ஏன்யா அடிக்கிற? அது என்ன அகலமாவா பொறந்துச்சு? நீங்க செஞ்சு வச்சதுதான்யா அகலம்!”

அந்தக் கயிற்றை அவள் சபையின் நடுவில் கொண்டுவந்து போட்டாள். இம்முறை எவரும் தலை குனியவில்லை. வெட்கம் சபையாரை உலுக்கிற்று. அதன் பின்னால் கோபமும் வந்தது. ஆகவே எழுகரைப் பட்டணத்து ஊர்ச்சபையார் ஒருமனதாகத் தங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில்: அமாவாசை ஆணையைச் சபையார் ஏற்கவில்லை. பௌர்ணமியன்றும் அதன் மறுநாளும் ஊர்வண்டிகள் அரசவீதியிலேயே ஓடும். முன்னோர் கல்லில் வெட்டியதை ஓலையில் கீறி அழிக்க இயலாது. அக்கல் வேண்டாமென்றால் வேந்தர் தம் கையாலேயே உளி எடுத்து வந்து, ஊரார் பார்த்திருக்க, முப்பாட்டனார் பெயரைக் கொத்தி எறியட்டும். படை வருமாயின் வரட்டும். உப்பளத்தாரும் நெசவாளரும் குயவரும் வீதியில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். குயவர் தெருவில் குழந்தையைப் புதைத்த அந்தத் தாய் முதல் வரிசையில் அமர்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இனித் தங்கள் குதிரைகளின் செய்தி. சித்திரவேலைக்காக வெளியூருக்கு அனுப்பிய தங்கள் தேர், நேற்றுக் காலை தேரோட்டியோடு தென்வாயிலுக்குத் திரும்பி வந்தது. வாயில்காப்போர் கயிறு பிடித்தார்கள். தங்கள் தேர் கல்லுக்கு இரண்டு சாண் மிஞ்சியது. ஆதலால் அது வாயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்கிறது. குதிரைகளுக்குப் புல்லும் நீரும் குறைவின்றித் தரப்படுகின்றன. அச்சைக் குறைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் உள்ளே ஓட்டி வரலாம்.

இதன்பொருட்டுச் சபையைத் தண்டிக்கத் தாங்கள் நேரில் எழுந்தருள விரும்பினால், தேர் இல்லையே என்று தயங்க வேண்டாம். கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் ஊர்வண்டி நிற்கும். கைகாட்டினால் போதும். தங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கச் சபையார் ஆணையிட்டிருக்கிறார்கள். மடியில் யாருடைய மூட்டையாவது வந்து அமர்ந்தால் பொறுத்தருள்க.

ஊர்ச்சபை முத்திரை இட்டு, ஆலங்கோதையின் முடிச்சுக் கயிற்றாலேயே கட்டி விடுத்த ஓலை இது. அரண்மனைத் தேர்கள் அனைத்தையும் இக்கயிற்றால் அளந்து, மிஞ்சிய அச்சுகளை அடுத்த அமாவாசைக்குள் குறைக்க என்பது ஊர் ஆணை. கல் அறிய, கயிறு அறிய, எழுதினேன் தத்தன் சேந்தன். இம்முறை முகம் மறைக்காமல் எழுதினேன்.

முத்திரைக்குப் பின் ஆலங்கோதை சேர்க்கச் சொன்ன ஒரு வரி: தாங்கள் ஏறிய வண்டியைப் பிரசவத்துக்கென்று வழியில் யாராவது மறித்தால், வண்டி முதலில் அந்த வீட்டுக்குப் போகும், மந்திரத் தலைவர் காத்திருக்க வேண்டும்.