தொட்டிக்குப் பூட்டு

நோன்பு 8, வியாழன்

விடியும்போதே கச்சான் காற்று. பல்லிடுக்கெல்லாம் மண். தொண்டை இப்போதே காய்ந்துவிட்டது.

தக்காளி: பூ விட்டிருக்கிறது, ஒன்றில் சுண்டங்காய் அளவில் பிஞ்சு. தொட்டி: பரவாயில்லை. மாமி: அப்படியேதான்.

காலையில் தொட்டியிலிருந்து உரம் கரைத்த மருந்துத் தண்ணீரை மொண்டு சல்லிக்கல் பெட்டிகளில் ஊற்றினேன். வேரை நனைத்து வழிந்து மறுபடி தொட்டிக்கே வந்தது. மண் ஒரு பிடி இல்லை. மாமிக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. என்னோடு நேரே கதைக்கமாட்டா. கதவுச் சேலைக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்லுவா, எனக்குக் கேட்கிற மாதிரி. இன்றைக்கு: "சல்லிக்கல்லுக்குள்ள நட்டா சல்லி காய்க்கும் எண்டு நினைக்காராக்கும் உன்ட மாப்புள."

ஜெஸீமா சிரித்தாள். என் பெண்சாதிதான். என் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டைச் சுற்றின வளவு மாமியுடையது. வீடு ஜெஸீமாவின் சீதனம். தொட்டி மட்டும் என்னுடையது. அது நிற்கிற இடத்தில்தான் பெருநாள் முடிந்ததும் மாமியின் இளைய மகளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டப்போகிறார்களாம். பெருநாளைக்குள் ஒரு பழம் பழுத்தால் வீட்டை வடக்கே தள்ளிக் கட்டலாம் என்று மாமி வாக்குத் தந்திருக்கிறா. பழுக்காவிட்டால் தொட்டியை உடைப்பது, நான் மறுபடி சவூதிக்குப் போவது.

போகமாட்டேன். அந்த வெயிலில் இன்னொரு தடவை நின்றால் மையித்தாகத்தான் வருவேன்.

நோன்பு 9, வெள்ளி

சஹர் சாப்பிட்டு முகம் கழுவப் போனால், மாமி. கிணற்றில் அள்ளி அள்ளி என் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறா. வெறும் தண்ணீர்! என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு, ஒன்றும் நடவாத மாதிரி வாளியோடு நடந்துபோனா.

ஜெஸீமாவை விடவில்லை. கடைசியில் சொன்னாள். செடி நட்ட காலத்திலிருந்தே உம்மா ஊற்றுகிறாவாம். மருந்து செத்துப்போகட்டும் என்றுதானாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பெத்த உம்மாவக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?" என்கிறாள்.

நோன்பு பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. ஜும்ஆத் தொழுகையில் குத்பா ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. வரும்போது கல்முனையில் ஆமைப்பூட்டு வாங்கினேன். இருந்ததிலேயே பெரியது.

நோன்பு 10, சனி

பலகை மூடி அடித்துப் பூட்டியாயிற்று. திறப்பு என் இடுப்பில்.

மாமி ஊற்றின தண்ணீருக்கெல்லாம் ஈடாக மருந்து கூட்டினேன். வாளிக்கு ஒரு சிரட்டை என்பது கணக்கு, இன்றைக்கு ஒன்றரை. சரியா பிழையா தெரியவில்லை. நோன்புக்கு முன் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். இப்போது நாக்கும் நோன்பு. நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகோ எல்லாமே உப்பாகத்தான் இருக்கிறது. சவூதியில் செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில் மருந்தின் அளவு பார்க்க ஊசி ஆடுகிற மெசின் இருந்தது. மேற்பார்வைக்கு இருந்த எகிப்துக்காரன், மிஸ்ரிக்காரன் என்போம், என்னைக் கிட்ட விடமாட்டான். மூட்டை தூக்க மட்டும் நான்.

சேலைக்குப் பின்னால் இன்றைக்குச் சத்தமில்லை. நல்ல தூக்கம் வரும்.

நோன்பு 14, புதன்

கச்சான் நின்றபாடில்லை. தொட்டி இரண்டு சாண் இறங்கிவிட்டது. மருந்துத் தண்ணீர் கலக்கி நிரப்பினேன், நேற்றைப் போலவே.

இலையோரம் கருகுகிறது. பூக்கள் கொட்டுகின்றன. பிஞ்சு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பசியாக்கும் என்று இன்னொரு சிரட்டை போட்டேன்.

இளையவளின் மாப்பிள்ளை வீட்டார் வந்து வளவைக் கயிறு பிடித்து அளந்தார்கள். தொட்டியைச் சுற்றிப்போகாமல் அதன் மேலாலேயே பிடித்தார்கள். மாமி அவர்களுக்கு நோன்பு திறக்க வாடாப் பலகாரம், சமோசா என்று பரப்பினா. எனக்குக் கஞ்சி.

நோன்பு 15, வியாழன்

இன்னும் கருகல். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உப்பு! பலகை இடுக்கால் கறியுப்பைக் கொட்டியிருக்கிறா. வேறு யார்?

முற்றத்தில் நின்று கேட்டேவிட்டேன். அயலெல்லாம் வேலிக்கு வந்தது. மாமி சேலையை விலக்கி வெளியே வந்தா. கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தா.

"பூட்டின தொட்டிக்குள்ள நான் எப்பிடி உப்புப் போடுற மருமகன்? தொறப்பு உங்கட இடுப்புலதானே கிடக்கு. நான் ஊத்தினது தண்ணி. அல்லாஹ்வுக்குப் பொதுவா, தண்ணி மட்டுந்தான்."

வேலியில் யாரோ சிரித்தார்கள். ஜெஸீமா உம்மாவோடு உள்ளே போய்விட்டாள்.

நோன்பு 16, வெள்ளி

நோன்பு திறக்கும்போது கஞ்சியைத் தொடவில்லை. ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், நேரே தொட்டிக்குப் போனேன். விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

கடல்.

கறியுப்பில்லை, அந்தக் கைப்பு எனக்குத் தெரியும். என் மருந்துதான். கச்சானும் செடியும் குடிப்பது தண்ணீரை. மருந்து அடியில் அப்படியே கிடக்கிறது. நான் அதன் மேல் மருந்து, அதற்கும் மேல் மருந்து. சவூதியில் காலையில் வேலைக்குப் போனதும் மிஸ்ரிக்காரன் என்னை நல்ல தண்ணீர்க் குழாயைத் திறக்கச் சொல்லுவான். தொட்டி நிரம்பத்தான் என்று நினைத்திருந்தேன், மடையன்.

அப்படியானால் இத்தனை காலம் என் செடிகளை உயிரோடு வைத்திருந்தது யார்?

நாசமாக்கத்தான் ஊற்றினா. அதை மறக்கக்கூடாது.

நோன்பு 17, சனி

தொட்டி கழுவுவதாகச் சொல்லி அடியில் அடைத்த கட்டையை உருவி முக்கால்வாசித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கிணற்றில் அள்ளி நிரப்பினேன். சல்லிக்கல்லையும் அலசினேன். பிஞ்சு இன்னும் இருக்கிறது, இப்போது நெல்லிக்காய் அளவு.

கழுவுகிற சாட்டு ஒரு நாளைக்குச் சரி. ஒவ்வொரு விடியலிலும் நான் கிணற்றடியில் நின்று வெறும் தண்ணீர் அள்ளி ஊற்றினால்? எந்த வேலைக்குப் பூட்டுப் போட்டேனோ அதே வேலை. சேலைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வரும். சவூதி வெயிலைத் தாங்கலாம், அதைத் தாங்கமாட்டேன்.

பின்னேரம் பூட்டைக் கழற்றிக் குசினி யன்னலில் வைத்தேன். முற்றத்தில் நின்று ஜெஸீமாவிடம், ஆனால் சேலைக்குக் கேட்கிற மாதிரி, உரத்துச் சொன்னேன். பூட்டுத் துருப்பிடித்துவிட்டது, மருந்து இப்போதுதான் சரியான அளவில் இருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் எல்லாம் நாசம், தொட்டிப் பக்கம் ஒரு குஞ்சும் போகக்கூடாது என்று.

ஜெஸீமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். துருவே இல்லாத பூட்டையும் பார்த்தாள்.

நோன்பு 18, ஞாயிறு

சஹர் முடிந்து பாயில் சாய்ந்தேன். சுபஹுக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. கிணற்றடியில் வாளிச் சத்தம். முதல் வாளி விழுந்தது. இரண்டாவது. அது போதாது, கச்சான் இன்னும் அடிக்கிறது. மூன்றாவதும் விழும்வரை அசையாமல் படுத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் எழும்பிப் போய்க் கத்தினேன்.