சாயம் காயும்வரை

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தெருவுக்கே முடிவெட்டுகிறவன், இன்று என் மீசைக்குச் சாயம் பூசப் போய் மேலுதட்டையும் கறுப்பாக்கிக்கொண்டேன். கடைக்கு வந்தவர்களிடம் பல்வலி மருந்து என்றேன். அக்கா எனக்கு மறுபடியும் பெண் பார்த்திருக்கிறாள். போட்டோவில் மீசை கறுப்பாக இருக்க வேண்டுமாம். கடைக்கு மேலே மாடியில் என்னோடு இருக்கும் பஸ் டிரைவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 5
"உங்கக்காவுக்கு நான் இன்னும் வாடகைக்காரன்தானா?" என்று டிரைவர் கேட்டார். அக்கா வரும்போதெல்லாம் பஸ் டிப்போவில் போய்ப் படுக்கிற மனுஷன். நான் ஏதோ ஜோக் அடித்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.
ஊரையே கிண்டல் பண்ணுகிற வாய். இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் வரமாட்டேன் என்கிறதே — என்ன வாய் இது?

மார்ச் 9
அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அக்கா. சொந்தமென்று எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. உண்மையைச் சொன்னபிறகு அவள் இந்தப் படி ஏறாமலே இருந்துவிட்டால்?

மார்ச் 12
யோசனை வந்துவிட்டது! தலை நிறையச் சாயத்தோடு யாரும் கோபித்துக்கொண்டு தெருவில் இறங்க முடியாது.

மார்ச் 16
அக்கா வந்தாள். கடை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்குச் சாயம் பூசி முடித்தேன். நேருக்கு நேர் பேசி எனக்குப் பழக்கமில்லை. கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்.
"அந்தப் பொண்ணு வேண்டாம்க்கா. எந்தப் பொண்ணும் வேண்டாம். மாடியில இருக்கறவரு வாடகைக்கு இல்ல. நாங்க ரெண்டு பேரும்... ஒண்ணா குடும்பம் நடத்தறோம்."
எழுந்திருக்கப் பார்த்தாள். நெற்றியில் சாயம் வழிந்தது. உட்கார்ந்துவிட்டாள்.
"ஏண்டா, தலையில இதப் பூசிட்டுத்தான் சொல்லணுமா?"
"இல்லேன்னா ஓடிடுவியே."
"முட்டிவலிய வச்சுக்கிட்டு நான் எங்கடா ஓடுவேன்?"
அப்புறம் அழுதாள். நானும்தான். துண்டு ஒன்றுதான் இருந்தது, மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டோம்.
துண்டை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள், "நான் வர்றப்பல்லாம் அவரு எங்க போறாரு?"
"டிப்போவுக்கு."
"உனக்கு மனசாட்சியே இல்லையாடா? கூப்பிடு அவர."
டிரைவர் காக்கிச் சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றார். அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "உள்ள வாங்க தம்பி. இவனோட எப்படிக் காலம் தள்றீங்க?"
அவர் என் குறட்டையில் ஆரம்பித்தார். இருவருமாக என்னை வறுத்தெடுத்தார்கள். சாயத்தை யாரும் நினைக்கவில்லை.

மார்ச் 17
அக்காவுக்கு நெற்றியும் இரண்டு காதும் கறுப்பு. பல்வலி மருந்து என்று சொல்லச் சொன்னேன். சீப்பு பறந்து வந்தது. காது வெளுக்கும்வரை வீட்டுக்குப் போகமாட்டாளாம். நேற்று ராத்திரி எங்கள் கட்டிலில் அவள். நாங்கள் இருவரும் கீழே கடையில், ஆளுக்கொரு நாற்காலியில் படுத்தோம். டிப்போவே தேவலை என்கிறார் டிரைவர். அவருடைய நாற்காலி சாய்ந்தபடியே இறுகிவிட்டது. காலையில் முதலில் முடிவெட்ட வந்தவர் அதில்தான் உட்காருவேன் என்றார். படுக்கவைத்தே வெட்டி அனுப்பினேன்.