வீட்டுக்காரருக்கு எதிரே கிங்ஸ் இந்தியன்

ஜூன் 5, வியாழன்

சிமென்ட் ஆலை லேபில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பொடி. மூக்கைச் சிந்தினால் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கலாம். அரியலூரில் வீடு வந்து சேர்ந்தால் கணவர் பூவரசன் செஸ் பலகையோடு காத்திருக்கிறார். கீழப்பழுவூரில் செஸ் வகுப்பு நடத்துகிறவர். வாத்தியார் வேலையைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வரத் தெரியாது.

“கருப்புல கிங்ஸ் இந்தியன் ஆடாத, ரஞ்சனி. அது வெறி புடிச்சவங்க ஆட்டம்.”

பத்து வருஷமாக அந்தத் தொடக்கத்தைத்தான் ஆடுகிறேன். நடுப்பலகையை வெள்ளைக்கே விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அவன் கோட்டை கட்டட்டும். நம் ராஜாவை மூலையில் பத்திரப்படுத்திவிட்டு, அவன் கடைசிச் செங்கல்லை வைக்கும்போது அடியில் வெடி. எனக்கு வேறு ஆட்டம் எதற்கு?

ஜூன் 9, திங்கள்

பெரம்பலூர் கிளப் போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்தோம். முதல் இரண்டு பேரை ஜூலையில் சென்னைப் போட்டிக்கு அனுப்புவார்களாம். “நான் போனா வகுப்புக்கு நல்ல பேரு,” என்றார். நான் போனால்? அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் 14, சனி

நான்கு சுற்று முடிந்தது. பூவரசன் இரண்டாம் இடம், நான் மூன்றாம் இடம். தொடக்க விழாவில் பேசியவர் குதிரையை யானை என்றார். கைதட்டினோம்.

ஜூன் 15, ஞாயிறு

கடைசிச் சுற்றுக்கு ஒட்டிய தாளில்: வெள்ளை – பூவரசன், கருப்பு – சிவரஞ்சனி. கடவுளுக்கு வேறு வேலை இல்லை.

டிரா ஆனாலே அவருக்குச் சென்னை. எனக்கு ஜெயித்தால்தான், நான் ஜெயித்தால் அவர் வெளியே. டீக்கடையில் தொண்டையைச் செருமினார்.

“டிரா பண்ணிக்குவோம். நீ அடுத்த வருஷம் போலாம்ல?”

“நீங்க அடுத்த வருஷம் போனா என்னங்க?”

டீயை முடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

ஆட்டத்தில் மனுஷன் செய்த வேலை – எட்டாவது நகர்த்தலிலேயே ராணிக்கு ராணி வெட்டிவிட்டார்! சண்டையே வேண்டாம், சப்பென்று ஒரு டிரா. எனக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர். அழுகை முட்டியது. ச்சீ, இதுக்கா அழுவ?

பிறகு பார்த்தேன். நடுவில் d4 கட்டம் ஓட்டையாகக் கிடந்தது. இனி அவருடைய எந்தச் சிப்பாயாலும் அதைக் காக்க முடியாது. என் குதிரையை மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் அங்கே கட்டினேன்.

இருபத்திரண்டாவது நகர்த்தலில், “டிரா?” என்றார்.

“வேணாங்க.”

ஐம்பத்தோராவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்தக் கை இவ்வளவு ஜில்லென்று இருந்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால்.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டில் பேச்சு இல்லை. உப்பு வேண்டும் என்றால்கூடச் சைகைதான். திருமானூரிலிருந்து மாமியார் ராசாத்தி போனில்: “ஏண்டி, புருஷனையா தோக்கடிப்ப?”

“முப்பத்திரெண்டு காய் இருந்துச்சு அத்தை. அதுல புருஷன் எதுன்னு தெரியல.”

வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் எனக்குச் சிரிப்பு. பிறகு இல்லை.

ஜூன் 21, சனி

வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்களாம். ‘பொண்டாட்டிகிட்ட தோத்தவரு என்ன சொல்லிக் குடுக்கப்போறாரு?’ – அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு முத்தமிழ் சொன்னாள். நான் தப்பு பண்ணிட்டேனா? எத்தனை தரம் கேட்டாலும் இல்லைன்னுதான் வருது. அப்புறம் ஏன் சோறு எறங்க மாட்டேங்குது?

ஜூலை 4, வெள்ளி

ஸ்டேஷன் வரை என் பையைத் தூக்கி வந்தார். ரயில் கிளம்பும்போது, “நேரத்துக்குச் சாப்டு,” என்றார். பத்தொன்பது நாளில் முதல் பேச்சு.

ஜூலை 6, ஞாயிறு, சென்னை

மூன்று தோல்வி, ஒரு டிரா. இன்று மத்தியானம் கருப்பில் ஒரு வெற்றி, அதே கிங்ஸ் இந்தியன்தான். சாயங்காலம் அவர் போன். “மத்தியானம் கருப்புல ஆடுனேன்” என்று தொடங்கி, ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இரு, முடிவைச் சொல்லிடாத.”

பலகையில் காய் அடுக்கும் சத்தம் கேட்டது.

“ம்... கருப்புப் பக்கம் உக்காந்துருக்கேன். மொத மூவ்ல இருந்து சொல்லு.”