தெரு நடுவில் ஒரு குழாய்

மதினி,

இன்று காலை கதவைத் திறந்தால், நம் தெருவின் நட்டநடுவில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி. பாதாளச் சாக்கடைக்கு மூடி வைக்க அளந்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் நீங்கள் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் மேற்கே வளர்ந்துகொண்டே போனது. கரிவலத்திலிருந்து நாங்கள், சிவகிரியிலிருந்து நீங்கள், எல்லாரும் தறியை நம்பி வந்து இறங்கினோம். வீடுகள் வந்துவிட்டன, தண்ணீர் வரவில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் தோட்டத்துக் கிணறு வரை குடத்தோடு நடந்த நடையில்தான் நீங்கள் எனக்கு மதினி ஆனீர்கள். வேறு உறவு நமக்கில்லை.

நகராட்சிக்கு மனு மேல் மனு கொடுத்து, ஓவர்சியரைக் கையோடு தெருவுக்கே கூட்டிவந்துவிட்டீர்கள். ஒரே ஒரு குழாய்தான், எங்கே வேண்டும் என்று கேட்டார். மேலக்கோடியில் வைத்தால் கீழக்கோடி சண்டைக்கு வரும். "நட்டநடுவுல போடுங்க சார், ரெண்டு பக்கமும் ஒரே நடை" என்றீர்கள். நான் ஓடிப்போய் நின்று இடம் காட்டினேன். அவர் என் காலடியில் சுண்ணாம்புக் குறி போட்டார். அன்று நம் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

முதல் தண்ணீர் வருகிற காலை. குடங்கள் வரிசை கட்டி நின்றன. குழாய் புஸ்ஸென்று காற்றை விட்டது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம். உங்கள் வீட்டு அண்ணாச்சியும் என் வீட்டுக்காரரும் வழக்கம்போல வெயிலுக்கு முந்தித் தறியில் ஏற்றப்போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து, அதற்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். பாவு குழாயை உரசிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் தெறித்தால் கஞ்சி கரைந்து, நூல் ஒட்டி, பாவே பாழ். தறி வீட்டுப் பெண்கள் நாம், தினமும் குனிந்து தாண்டுகிற பாவு ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை!

குழாயைப் பிடுங்கச் சொல்லி எழுதிக் கொடுப்போம் என்றார் அண்ணாச்சி. நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக் கிழித்துக் குழாய் வாயில் கட்டினீர்கள்.

"இதப் புடுங்கினா அடுத்த தெருவுக்குப் போயிரும். பிறவு நமக்கு எந்தக் காலத்துக்கும் வராது. பாவ ஒரு முழம் நவுத்துங்க."

ஆண்கள் சப்பரம் தூக்குகிறவர்களைப் போல ஒன்றாகக் கால் எடுத்து வைத்துப் பாவை நகர்த்தினார்கள். தண்ணீர் துணி வழியே சத்தமில்லாமல் குடத்துக்குள் இறங்கியது. குடம் ததும்பி நனைந்த சேலையோடு உங்களைக் கட்டிக்கொண்டேன். நகர்ந்த பாவு வாசலை அடைக்கிறது என்று வடக்கு வரிசைக்காரர்கள் ஒரு வாரம் முணுமுணுத்தது வேறு கதை.

இரண்டாவது குழாய்க்கு அதே ஓவர்சியர் வந்து இடம் கேட்டார். இந்த முறை நீங்கள் விரலை நீட்டவில்லை. "காலைல ஆறு மணிக்கு வாங்க சார், பாவு விரிச்சிருக்கும். தெரு வேல செய்யும்போது பாத்துட்டுக் குறி போடுங்க" என்றீர்கள். அவரும் வந்தார். அந்தக் குழாய் சுவரோரமாக, யாருக்கும் இடைஞ்சலில்லாமல் நின்றது.

இன்று மத்தியானம் இளம் இன்ஜினியர் ஒருவர் மறுபடி அளக்க டேப்போடு வந்தார். அந்தப் பெருக்கல் குறி இருக்கிற இடத்தில்தான் தினமும் காலையில் நாலு பள்ளிக்கூட வேன் வந்து திரும்புகிறது. பிள்ளைகள் அங்கேதான் ஓடி ஏறுகிறார்கள். வெறிச்சோடிய தெருவை அளந்துகொண்டிருந்தவரிடம், "தம்பி, நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வாங்க. தெரு வேல செய்யும்போது பாத்துட்டுக் குறி போடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், உங்களைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தேன்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏழரைக்கே வாசலில் நிற்பேன், மதினி.