ஆம்புலன்ஸ் வரும்வரை சாத்திய கதவு

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்.

பெருமதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு, மகள் தாரணி வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் தாமதமானதற்குப் பொறுத்தருளுங்கள். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

சென்ற ஞாயிறு நடைபெற்ற குதிரையேற்றப் போட்டியில் பாதுகாப்புப் பொறுப்பு முழுவதும், அதற்கென்றே தானே படித்துத் தேர்வெழுதிய தங்கள் மகளுடையது! முற்பகலில் ஒருவர் விழுந்து கை முறிந்ததால், இருந்த ஒரே ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிச் சென்றது. அது திரும்பும்வரை எந்தக் குதிரையும் களமிறங்கக் கூடாதென்பது விதி. நான் வாயிற்கதவைச் சாத்தினேன்.

“பத்து நிமிஷம்தான்லா, திறந்து விடுங்க. எல்லாரும் வெயிட் பண்றாங்க,” என்றார் ஏற்பாட்டாளர் வருண்.

“ஆம்புலன்ஸ் வரட்டும் சார். அதுவரைக்கும் திறக்க மாட்டேன்.”

“அப்படின்னா இனிமே உங்களைக் கூப்பிடவே மாட்டேன்!”

அரைமணி நேரம் அசையாமல் நின்றேன். ஆம்புலன்ஸ் வந்தபின் முதலில் குதிரையேறி நுழைந்த பெண்ணே இரண்டாம் தடையைத் தாண்டுகையில் தலைகுப்புற விழுந்து மூச்சுத் திணறினாள். மருத்துவ உதவியாளர்கள் உடனே ஓடினர். அவள் பிழைத்தாள், அப்பா! மாலையில் வருண் அடுத்த போட்டியின் தேதியை என் குறிப்பேட்டில் தாமே எழுதினார்.

கதவருகே ஒரு குதிரை என் காலை மிதித்ததில் நகம் மட்டும் கறுத்துள்ளது. தாங்கள் வீட்டில் அணியும் அகலச் செருப்பை அனுப்பிவையுங்கள். புதியது வேண்டாம், தாங்கள் போட்டுப் பழகியதே போதும்.

நகத்தை விடுத்து, கதவைப் பற்றிக் கேட்டு விரைவில் பதில் எழுதுங்கள்.

தாரணி