நிரப்பாமல் விட்ட கட்டம்

அஸ்தினாபுரம்,
ஞாயிறு காலை.

என் தோழனாய் இருந்தவனே,

நேற்றுத் தாம்பரம் ஆசிரியர் கூட்டத்தில் நீ பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியதும் என் கையைப் பற்றினாய். "மச்சான், ஷெர்வினுக்கு ஒரு மார்க்குதானடா கொறையுது. போட்டு வுட்டுடேன்" என்றாய்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மச்சான் ஆனேன். ஒன்பதாம் வகுப்பில் நீ திருத்திய கணக்குத் தாளில் என் மகள் எப்சி முப்பத்து நான்கு பெற்ற அன்று, ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் நான் உனக்குச் 'சார்' ஆகியிருந்தேன். "சார், பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. உங்க பொண்ணுக்குன்னு தனி ரூலா போட முடியும்?"

இறுதிக் கணக்கின் வழிமுறையைச் சரியாக எழுதி, விடையில் மட்டும் தவறியிருந்தாள். சுழியம் இட்டாய். தோழியர் பத்தாம் வகுப்புக்குச் செல்ல, அவள் அதே அறையில் மீண்டும் அமர்ந்தாள். அந்த ஓராண்டில் அவள் வீட்டில் பேசிய சொற்களை என்னால் எண்ணிவிட முடியும்.

உன் மகன் ஷெர்வினின் தமிழ் விடைத்தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். இறுதி வினா, நண்பனுக்குக் கடிதம். 'அன்புள்ள நண்பா' என்று எழுதியதோடு நிறுத்திவிட்டான். அந்த வினாவுக்கான மதிப்பெண் கட்டத்தை மட்டும் நான் நிரப்பவில்லை. மற்றவற்றில் அவன் பெற்றது முப்பத்து நான்கு.

நீயும் ஆசிரியன்தான், நீயே மதிப்பெண் இடு. எதை இட்டாலும் மாற்றாமல் பதிவேட்டில் ஏற்றுவேன். சுழியம் இட்டால், உன் கையாலேயே அவன் தோற்கட்டும். ஒன்று இட்டால், எப்சிக்கு ஏன் இடவில்லை என்பதை அதனருகில் எழுதிக் கையொப்பமிடு. நாளை ஆசிரியர் அறையில், எல்லோர் முன்னிலையிலும் அதை நான் படிப்பேன்.

இப்படிக்கு,
முப்பத்து நான்கு பெற்றவளின் தந்தை